வீடியோ இன்ஸ்டலேஷன் என்றால் என்ன? ஒரு மேட்டூர் கணக்கு

இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் வீடியோ இன்ஸ்டலேஷன் என்று சொல்லிவிடுகிறோம். கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை, பெண் படம் ஓடும் எல்.இ.டி. திரை, கடைத் திறப்பு விழாவில் சுவர் முழுக்க ஆடும் மயில், மதிலில் காட்டும் ஒலி ஒளிக் காட்சி, எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். இன்னொரு பக்கம், கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சிக்குப் போய்விட்டு வருகிறவர்கள் “இருட்டு ரூம்ல ஏதோ மெதுவா ஓடிக்கிட்டே இருந்துச்சு, ஒண்ணும் புரியல, வெளிய வந்துட்டோம்” என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த இருட்டு அறையில் எதைப் பார்க்க வேண்டும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னவர்கள் குறைவு. ‘மாடர்ன் ஆர்ட், உங்களுக்கு எது புரிகிறதோ அதுதான் அர்த்தம்’ என்று சொல்லி நழுவியவர்கள்தான் அதிகம். அந்தப் பதில் எனக்குப் பிடிக்காது. இதற்குள் ஒரு தெளிவான இயக்கம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் படைப்புகள் சட்டென்று திறந்துகொள்ளும்.

காலத்தைப் பற்றிய வீடியோ படைப்புகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர் எப்போது வரும், எத்தனை நாள் வரும் என்பதை வைத்தே வருஷத்தை ஓட்டுகிற டெல்டாக்காரர்களுக்கு, மற்ற யாரையும்விட இது சுலபமாகப் பிடிபட வேண்டும் என்பது என் நம்பிக்கை.

## முதலில், எது இன்ஸ்டலேஷன்

ஒரு பொருளைச் செய்து பீடத்தில் வைக்காமல், பார்ப்பவர் உள்ளே நுழைந்து நடமாடும்படி ஓர் இடத்தையே படைப்பாக அமைப்பதுதான் இன்ஸ்டலேஷன். அந்த இடத்தில் வீடியோவும் ஒரு பகுதியாக இருந்தால் வீடியோ இன்ஸ்டலேஷன். திரை எவ்வளவு பெரிது, எந்த உயரத்தில் இருக்கிறது, பெஞ்சு போட்டிருக்கிறார்களா, நிற்க வைக்கிறார்களா, சத்தம் முன்னால் இருந்து வருகிறதா முதுகுக்குப் பின்னால் இருந்தா, எல்லாமே கலைஞர் முடிவு செய்தவை.

அமர் கன்வர் என்ற கலைஞர் செய்த ‘தி சாவரின் ஃபாரஸ்ட்’ நல்ல உதாரணம். 2012-ல் ஜெர்மனியில் நடந்த டாக்குமென்டா கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஒடிசாவில் தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்குமாகக் கையகப்படுத்தப்படும் நிலங்களைப் பற்றியது. அதில் படம் ஓடுகிறது, கையால் செய்த புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றோடு 266 நாட்டு நெல் ரகங்களின் விதைகளும் வைக்கப்பட்டிருந்தன. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் மீட்டெடுத்த ரகங்களைக் கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்கு அந்த விதைகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று ஒருவரும் விளக்க வேண்டியதில்லை. படத்தை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினால் அது ஆவணப்படம். விதையும் படமும் ஒரே அறையில் இருந்து, நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போது அது இன்ஸ்டலேஷன்.

சினிமாவிலிருந்து இது விலகும் இடம் ஒன்று உண்டு, அதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். தியேட்டரில் நேரம் அவர்கள் கையில் இருக்கிறது. காட்சி நேரம், இடைவேளை, முடிவு எல்லாம் அவர்கள் வைத்தது, நாம் டிக்கெட் வாங்கி உட்கார்ந்துவிட்டால் போதும். இங்கே எப்போது நுழைவது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது வெளியேறுவது எல்லாம் நம் கையில். ஆகவே கலைஞர் திரையில் காட்டும் நேரத்தோடு, நீங்கள் அங்கே செலவழிக்கும் நேரமும் படைப்பில் சேர்ந்துவிடுகிறது.

இந்தக் கலையின் தொடக்கத்தைச் சொல்லும்போது கொரியாவில் பிறந்த கலைஞர் ‘நாம் ஜுன் பைக்’ என்பவரின் பெயர் தவறாமல் வரும். 1963-ல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், படம் திரியும்படி மாற்றி அமைத்த டிவி பெட்டிகளைக் கண்காட்சியாக வைத்தார். 1974-ல் அவர் செய்த ‘டிவி புத்தா’ இன்னும் எளிமையானது. ஒரு புத்தர் சிலை, எதிரே ஒரு டிவி, புத்தரை நோக்கி ஒரு கேமரா. புத்தர் தன்னையே டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். கதையும் இல்லை, எதுவும் நடப்பதும் இல்லை. நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: இடமே படைப்பாக இருந்தால் இன்ஸ்டலேஷன், அதில் வீடியோவும் சேர்ந்தால் வீடியோ இன்ஸ்டலேஷன், உங்கள் நேரமும் அதில் ஒரு பங்கு.

## வரத்தும் திறப்பும்

சரி, இயக்கத்துக்கு வருவோம். காலையில் பேப்பரைப் பிரித்ததும் மேட்டூர் நிலவரம் பார்க்கிற பழக்கம் நம் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு. நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு வினாடிக்கு இத்தனை கன அடி. இரண்டும் ஒன்றாக இருந்தால் அணை மட்டம் அசையாது. வரத்து பெரிது, திறப்பு சின்னது என்றால் தண்ணீர் தேங்கும், ஒரு நாளில் வந்ததைப் பத்து நாளைக்கு வைத்து விடலாம். வரத்து சின்னது, திறப்பு பெரிது என்றால் மாதக்கணக்கில் சேர்ந்தது சில நாளில் தீர்ந்துபோகும்.

வீடியோவில் காலம் நீள்வதும் சுருங்குவதும் அச்சு அசலாக இதே கணக்குதான்.

கேமரா அசைவைப் பிடிப்பதில்லை. அசையாத படங்களை வரிசையாக எடுக்கிறது. அப்படி எடுத்த ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். வினாடிக்கு எத்தனை பிரேம் என்பதுதான் பிரேம் வேகம், தண்ணீரை வினாடிக்கு இத்தனை கன அடி என்று அளக்கிறோமே, அந்த மாதிரி அளவு. இதில் இரண்டு வேகங்கள் இருக்கின்றன என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது வினாடிக்கு எத்தனை பிரேம் உள்ளே வருகிறது என்பது ஒன்று, அது வரத்து. காட்டும்போது வினாடிக்கு எத்தனை பிரேம் வெளியே போகிறது என்பது இன்னொன்று, அது திறப்பு. சினிமாவில் பொதுவாக இரண்டுமே 24. அதனால்தான் திரையில் ஒருவர் நடந்தால் இயல்பாக நடப்பதுபோல் தெரிகிறது, வரத்தும் திறப்பும் சமம்.

உங்கள் செல்போனில் ஸ்லோ மோஷன் என்று ஒன்று இருக்கும். நிறைய போன்களில் அது வினாடிக்கு 240 பிரேம் எடுக்கும், காட்டும்போது 30 பிரேம்தான் விடும். 240-ஐ 30-ஆல் வகுத்தால் 8. ஒரு வினாடியில் நடந்தது எட்டு வினாடிக்கு நீள்கிறது. குளத்தில் பையன் குதிக்கும்போது தெறிக்கும் தண்ணீர் அந்தரத்தில் நின்று நிதானமாக விழுவது இதனால்தான்.

இன்னும் ஒரே ஒரு விவரம் தேவைப்படும். அசையாத படங்களை அடுத்தடுத்துக் காட்டினால், வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டைத் தாண்டும்போது நம் மூளை அதை அசைவாக எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. அதற்குக் கீழே இறங்கினால் தனித்தனிப் படங்களாகப் பிரிந்துவிடும். கடைமடை வாய்க்காலில் தண்ணீர் குறையும்போது ஓட்டம் அறுந்து அங்கங்கே குட்டையாக நிற்குமே, அதேபோல.

## ஒரே பதின்மூன்று மடங்கு, இரண்டு வேறு மெதுவு

பெரும்பாலானவர்கள் குழம்பும் இடம் இது. ஸ்லோ மோஷன் என்றால் எடுத்த படத்தை மெதுவாக ஓட்டுவது என்று நினைக்கிறோம். அது பாதிதான் சரி. இரண்டு பெயர்பெற்ற படைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மீதிப் பாதி விளங்கும்.

முதலாவது, அமெரிக்கக் கலைஞர் பில் வயோலாவின் ‘தி கிரீட்டிங்’. 1995-ல் வெனிஸ் பினாலேயில் காட்டப்பட்டது. பொன்டோர்மோ என்ற இத்தாலிய ஓவியர் 16-ஆம் நூற்றாண்டில் வரைந்த ஒரு சந்திப்புக் காட்சி இதற்குத் தூண்டுதல். இரண்டு பெண்கள் தெருவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மூன்றாவதாக ஒரு பெண் வருகிறார், அவர்களில் ஒருவரைக் கட்டிப்பிடித்துக் காதில் ஏதோ சொல்கிறார். அவ்வளவுதான் சம்பவம், 45 வினாடி. அதை அதிவேகக் கேமராவில் எடுத்து 10 நிமிடத்துக்கு நீட்டியிருக்கிறார். ஏறத்தாழ 13 மடங்கு. காற்றில் துணி எழுந்து சுருண்டு இறங்குவது தெரிகிறது. அந்த அணைப்பில் சேராமல் ஓரமாக நிற்க நேர்ந்தவரின் முகம் மெல்ல மாறுவது தெரிகிறது. நேரில் நின்றிருந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் போயிருக்கும். கல்யாண வீட்டு வாசலில் வரவேற்க நிற்கும்போது, யாரை முதலில் கூப்பிட்டார்கள், யாரைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று அடுத்த பத்து வருஷத்துக்குப் பேசுகிறோம் இல்லையா, அந்த ஒரு வினாடி மனவருத்தம் எங்கே பிறக்கிறது என்று காட்டும் படம் இது.

இரண்டாவது, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டக்ளஸ் கோர்டனின் ‘24 அவர் சைக்கோ’. 1993-ல் கிளாஸ்கோவில் முதலில் காட்டினார். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960-ல் எடுத்த ‘சைக்கோ’ 109 நிமிடம் ஓடும் படம். அதையே எடுத்து, ஒரு காட்சியையும் வெட்டாமல், 24 மணி நேரத்துக்கு நீட்டிவிட்டார். 24 மணி நேரம் என்பது 1440 நிமிடம், 109-ஆல் வகுத்துப் பாருங்கள், இதுவும் ஏறத்தாழ 13 மடங்கு!

மடங்கு ஒன்றே, ஆனால் பார்க்கும் அனுபவம் முழுக்க வேறு. ஏன்?

வயோலா வரத்தைப் பெருக்கினார். எடுக்கும்போதே ஏராளமான பிரேம்களைத் தேக்கிக்கொண்டார், அதனால் பத்து நிமிடமும் முறையான அளவில் விட முடிந்தது, ஓட்டம் எங்கேயும் அறுவதில்லை. கோர்டன் கையில் இருந்தது வேறொருவர் வினாடிக்கு 24 என்று எடுத்துவைத்த பழைய தேக்கம், அதில் ஒரு சொட்டுகூட அவரால் கூட்ட முடியாது. திறப்பை மட்டும் குறைத்தார், வினாடிக்கு ஏறத்தாழ 2 பிரேம். அசைவு நின்றுபோகிறது. ஒவ்வொரு படமும் அரை வினாடி நின்று, அடுத்ததற்கு மாறுகிறது. கொலைக் காட்சியில் கத்தி ஓங்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியும், அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும், அது வந்து சேரவே மாட்டேன் என்கிறது. வயோலாவின் அறையில் ‘இவ்வளவு இருந்ததா இதற்குள்’ என்று தோன்றும். கோர்டனின் அறையில், நாம் அசைவு என்று நம்பியது இத்தனை நாளும் அசையாத படங்களின் வரிசைதான் என்பது கண்முன்னே அவிழ்ந்து கிடக்கும். கோர்டனின் படைப்பை முழுதாக உட்கார்ந்து பார்க்க யாரும் எதிர்பார்ப்பதில்லை. அரை மணி நேரம் போதும் என்பேன்.

சுருக்கிச் சொன்னால்: எடுக்கும்போதே நிறைய எடுத்து நிதானமாக விடுவது ஒரு மெதுவு, எடுத்தது கொஞ்சமாக இருக்க அதைச் சொட்டுச் சொட்டாக விடுவது இன்னொரு மெதுவு. அடுத்த முறை மெதுவாக ஓடும் வீடியோவைப் பார்த்தால், அசைவு வழுவழுப்பாக இருக்கிறதா, தட்டித் தட்டிப் போகிறதா என்று கவனியுங்கள். கலைஞர் காலத்தைக் கூடுதலாகச் சேர்த்தாரா, இருந்ததை இழுத்தாரா என்பது தெரிந்துவிடும்.

## குறுவையை 55 வினாடியில் காட்டினால்

இப்போது தலைகீழாக. வரத்தைக் குறைத்துத் திறப்பைக் கூட்டினால் கிடைப்பது டைம்லாப்ஸ். மொட்டு மலர்வது, மேகம் ஓடுவது, பாலம் கட்டுவது என்று போனில் தினமும் பார்க்கிறோம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அழகு என்பதோடு நிறுத்திக்கொண்டால் ஏமாந்துவிடுவோம்.

ஒரு கணக்குப் போடுவோம். 110 நாள் குறுவை ரகம். வரப்பில் ஒரு கேமராவை ஊன்றி, காலை 6 முதல் மாலை 5 வரை மணிக்கு ஒரு படம் எடுக்கிறோம். நாளைக்கு 12, மொத்தம் 1320 பிரேம். வினாடிக்கு 24 என்று விட்டால் 55 வினாடி. ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா, தள்ளிப்போகுமா என்ற பதற்றத்தில் தொடங்கி மூட்டையைக் கொள்முதல் நிலையத்தில் அடுக்குவது வரை போகும் ஒரு பருவத்தின் வயல் வேலை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பச்சை எழும்பும், அலையடிக்கும், பழுக்கும், முடிந்தது. பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள்.

அதில் நடவு எவ்வளவு நேரம் தெரியும்? காலை ஏழு மணிக்கு வயலில் இறங்கிய பெண்கள் மதியம் ஒரு மணிக்குக் கரையேறினால், நடுவில் எடுத்தது 6 பிரேம். திரையில் கால் வினாடி. குனிந்த முதுகுகள் ஒரு மினுக்கு மினுக்கிவிட்டு மறைந்துபோகும், கண்ணில் படக்கூடப் படாது. ராத்திரி முறைத் தண்ணீருக்கு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய், மடையடியில் விடிய விடிய உட்கார்ந்தவர் படத்தில் இல்லவே இல்லை, அந்த நேரத்தில் கேமரா எடுக்கவில்லை. திரையில் பயிர் தானாக வளர்ந்ததுபோல் இருக்கும்.

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயம். எந்த வேகத்தில் எடுப்பது, எந்த வேகத்தில் விடுவது என்பதைத் தொழில்நுட்பத் தேர்வு என்று மட்டும் நினைக்கக் கூடாது. யாருடைய நேரம் திரையில் தங்குகிறது, யாருடைய நேரம் கழிந்துபோகிறது என்பதை அந்த இரண்டு எண்கள் முடிவு செய்கின்றன. அதே நடவை வினாடிக்கு 240-ல் எடுத்து 30-ல் விட்டால், ஒரு நாற்று முடியைப் பிரித்து, விரலால் சேற்றில் ஊன்றி, அடுத்ததற்குக் கை போகும் இரண்டு வினாடி வேலை 16 வினாடி நிற்கும். வயல் முழுவதும் காட்ட முடியாது, பருவம் தெரியாது. ஆனால் அந்தக் கையைப் பார்க்காமல் யாராலும் தப்பிக்க முடியாது. காலத்தைப் பற்றிய நல்ல வீடியோ படைப்பு ஒவ்வொன்றிலும் இந்தத் தேர்வு எங்கோ இருக்கும். சுவர் முழுக்க மயில் ஆடுகிற கடைத் திரைக்கும் இதற்கும் நான் பார்க்கும் வித்தியாசமும் இதுதான். மயிலை இரண்டு மடங்கு வேகமாக ஓட்டினாலும் அந்தச் சுவருக்கு ஒன்றும் ஆகாது.

## தேங்காத காலம், எட்டு வினாடி பிந்திய காலம்

வரத்தையும் திறப்பையும் சமமாக, அதுவும் நேரடியாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன டிவி புத்தா உதாரணம். அங்கே தேக்கமே இல்லை, வந்தது வந்தபடியே போகிறது.

அதில் ஒரு சின்னத் தாமதத்தைச் சேர்த்தார் அமெரிக்கக் கலைஞர் டேன் கிரஹாம், 1974-ல். சுவர்களில் கண்ணாடி பதித்த ஓர் அறை, ஒரு கேமரா, ஒரு டிவி. கண்ணாடியில் நீங்கள் இப்போது இருக்கிறீர்கள். டிவியில் 8 வினாடிக்கு முன்னால் இருந்த நீங்கள் இருக்கிறீர்கள். எதிர்க் கண்ணாடியில் தெரியும் அந்த டிவியையும் கேமரா பிடிப்பதால், டிவிக்குள் தெரியும் டிவியில் 16 வினாடிக்கு முந்தைய நீங்கள், அதற்குள் 24 வினாடிக்கு முந்தையவர் என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் போல ஆகிறது, கல்லணையில் நீங்கள் பார்ப்பது எப்போதுமே மேட்டூரின் பழைய தண்ணீர்தான். அந்த அறையிலும் அப்படித்தான், பார்க்கப்படுவது நீங்களாகவே இருப்பதால் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும். கையைத் தூக்கிவிட்டு, அது அங்கே தூக்கப்படுவதற்காகக் காத்திருக்கத் தோன்றும்.

இன்னொரு வழியும் உண்டு. கிறிஸ்டியன் மார்க்லே என்ற கலைஞர் 2010-ல் செய்த ‘தி கிளாக்’ 24 மணி நேரம் ஓடும். ஆயிரக்கணக்கான சினிமாக்களிலிருந்து கடிகாரம் தெரிகிற, அல்லது யாராவது மணி சொல்கிற துண்டுகளை எடுத்து, நிமிட வாரியாகக் கோத்திருக்கிறார். அது ஓடும் ஊரின் நேரத்தோடு பொருத்தித்தான் ஓட்டுவார்கள். அறைக்குள் நீங்கள் மாலை 4.10-க்கு நுழைந்தால் திரையிலும் 4.10. அதற்கு 2011-ல் வெனிஸ் பினாலேயின் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. உட்கார வெள்ளை சோபா போட்டிருப்பார்கள். வேகத்தில் எந்த மாற்றமும் செய்யாமல் காலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. சினிமாவுக்குள் புகுந்தால் மணி மறந்துபோக வேண்டும் என்பது வழக்கம், இங்கே ஒவ்வொரு நிமிடமும் ‘இப்போது மணி இது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் எழுந்து போக மனம் வராது.

## எப்போது ஆரம்பிக்கும்?

கொச்சிக்கு ஒருமுறை சித்தப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். ஓர் அறையில், காலையில் கடை ஷட்டரைத் தூக்கி இரவில் இறக்கும் ஒருவரைப் பற்றிய வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. தூக்குகிறார், இறக்குகிறார், மறுபடி தூக்குகிறார். சித்தப்பா என் காதோரம் வந்து, “ஏம்மா, இது எப்ப ஆரம்பிக்கும்?” என்றார்.

மிகச் சரியான கேள்வி. இது லூப் எனப்படும் முறை, அதாவது முடிந்த நொடியில் இடைவெளி இல்லாமல் முதலிலிருந்து மறுபடி ஓடுவது. கண்காட்சியில் ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பதால் காட்சி நேரம் வைக்க முடியாது என்பது நடைமுறைக் காரணம். ஆனால் கலைஞர்கள் அதையே பொருளாக்கிவிடுகிறார்கள். நல்ல லூப்பில் தையல் தெரியாது, எந்த ஷட்டர் முதல் ஷட்டர் என்று கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் நுழைந்த இடம்தான் தொடக்கம். நான் அப்படிச் சொன்னதும் சித்தப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் உரக்கடை வைத்திருந்தவர். வெளியே வர நான்தான் அழைக்க வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் காலத்தைக் கையாள நான்கைந்து வழிதான்: நீட்டலாம், சுருக்கலாம், அப்படியே விடலாம், கொஞ்சம் பிந்தி விடலாம், சுற்றி வரச் செய்யலாம். பெரிய பெரிய படைப்புகள் எல்லாம் இந்தச் சில மதகுகளின் சேர்க்கைதான்.

## வெளியே வந்த பிறகு

இப்படிப்பட்ட ஓர் அறையில் இருபது நிமிடம் இருந்துவிட்டுத் தெருவுக்கு வந்தால், ஆட்டோவும் சைக்கிளும் போகிற வேகம் புதிதாகத் தெரியும். அதற்குக் காரணம் இருக்கிறது. நேரம் போவதையே கவனித்துக்கொண்டிருந்தால் நேரம் நீளும், வரிசையில் நிற்கும்போது நாம் படுகிற பாடு அது. கவனம் வேறெங்கோ இருந்தால் நேரம் ஓடிவிடும். ஆனால் பின்னால் நினைத்துப் பார்க்கும்போது கணக்கு மாறுகிறது. நிறையப் புதிய விஷயங்கள் நடந்த நாள் நினைவில் நீண்டதாகத் தெரிகிறது, ஒரே மாதிரி கழிந்த நாள் சுருங்கிவிடுகிறது. போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போன ஒரு மணி நேரம் அப்போதும் ஓடிவிடுகிறது, பிறகு நினைவிலும் ஒன்றும் தங்குவதில்லை, இரண்டு பக்கமும் நஷ்டம். மெதுவான வீடியோ அறை இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும்போது நேரம் நகராது, சிலருக்கு எரிச்சல்கூட வரும். ஆனால் அந்த இருபது நிமிடத்தைப் பல மாதம் கழித்தும் எடுத்துப் பார்க்க முடியும்.

இன்னொன்று, மணி என்பதையே கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்குவோம். கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. அரைவட்டக் கோடுகளும் நடுவில் நிழல் விழுத்தும் ஒரு கம்பியும். அதைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் இருக்கும் போனோடு ஒப்பிட்டுவிட்டு, ‘கொஞ்சம் தப்பாக் காட்டுது’ என்பார்கள். தப்பே இல்லை. இந்திய நேரம் என்பது 82.5 பாகை கிழக்கில் உள்ள கோட்டுக்கான நேரம், நாம் இருப்பது 79 பாகையைத் தாண்டி. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வித்தியாசம். அதனால் தஞ்சாவூருக்கு உச்சி வெயில் சராசரியாக 12 மணி 13 நிமிடம் வாக்கில்தான். பூமி சூரியனைச் சுற்றும் பாதை வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் அதுவும் நிலையாக இருக்காது. பிப்ரவரியில் 12.27 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 11.57-க்கே வந்துவிடும். போனில் 12 அடிப்பது ரயிலும் அலுவலகமும் ஓட நாம் செய்துகொண்ட ஏற்பாடு, மதிலில் விழுவது அந்த ஊரின் சொந்த நேரம்.

டெல்லியைச் சேர்ந்த ராக்ஸ் மீடியா கலெக்டிவ் என்ற கலைஞர் குழு 2009-ல் செய்த ‘எஸ்கேப்மென்ட்’ இந்த இடத்தில்தான் நிற்கிறது. உலகின் பல ஊர்களுக்கு என்று 27 கடிகாரங்கள், கூடவே வீடியோ திரைகள். கடிகாரங்களில் எண்கள் இல்லை. அவற்றின் இடத்தில் கடமை, களைப்பு, அச்சம், குற்ற உணர்வு என்று சொற்கள். முள் கடமையிலிருந்து குற்ற உணர்வுக்கு நகர்கிறது. வேலைக்குப் போய்விட்டு வந்து சமையலையும் பார்க்கிற எந்தப் பெண்ணும் அந்தக் கடிகாரத்தில் மணி சொல்லிவிடுவார்.

## போய்ப் பார்க்க நினைத்தால்

நம் பக்கத்திலிருந்து சுலபமான இடம் கொச்சிதான். அங்கே பினாலே 2012 டிசம்பர் 12-ல் தொடங்கியது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது திட்டம், சில முறை தள்ளிப்போயிருக்கிறது. காரைக்கால்–எர்ணாகுளம் ரயில் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத்தான் போகிறது. கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. இங்கேயே, ஒரு பழைய நெல் கிடங்கிலோ அரிசி ஆலையிலோ இப்படி ஓர் அறை அமைந்தால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நம் பிள்ளைகளே செய்ய வேண்டும், நம் நேரத்தைப் பற்றி.

அறைக்குள் நுழைந்ததும் உடனே முடிவு கட்டாதீர்கள். வெயிலிலிருந்து இருட்டுக்குள் வந்தால் கண் பழகவே சில நிமிடம் ஆகும், அதற்குள் வெளியேறியவர்கள் எதையும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். வாசல் அட்டையில் ஓடும் நேரம் போட்டிருப்பார்கள். 12 நிமிடம் என்றால் ஒரு சுற்று இருந்து பாருங்கள், 24 மணி நேரம் என்றால் கவலையே வேண்டாம். பிறகு அந்த இரண்டு எண்களைக் கேளுங்கள், வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. குழந்தைகளைக் கூட்டிப்போங்கள், அவர்கள் இதில் நம்மைவிட நன்றாக இருப்பார்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கவும் முடியும். போனை வரப்பிலோ திண்ணையிலோ அசையாமல் வைத்து, ஒரே வேலையை இரண்டு முறை எடுங்கள், ஒன்று டைம்லாப்ஸில், இன்னொன்று ஸ்லோ மோஷனில். பூத்தொடுப்பது, மாவு ஆட்டுவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, எதுவாகவும் இருக்கலாம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, அந்த வேலையைச் செய்தவரிடமே காட்டுங்கள். ஸ்லோ மோஷனைப் பகல் வெளிச்சத்தில் எடுப்பது நல்லது. 240 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் அதிகபட்சம் 240-இல் ஒரு பங்கு வினாடிதான் வெளிச்சம் கிடைக்கும், வீட்டுக்குள் எடுத்தால் இருண்டுவிடும். பழைய டியூப் லைட் அடியில் எடுத்தால் படம் விட்டு விட்டு மினுக்கும், அதற்காகப் போன் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டு மின்சாரத்தில் அந்த விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி மங்கித்தான் எரிகிறது, கண்ணுக்குத் தெரியாததைக் கேமரா காட்டுகிறது.